மெழுகு வைத்த கால்

அத்தியாயம் பதினான்கு

ஆடி மாசத்து மழை மூன்று நாளாகத் தாராவியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. தோல் கிடங்குகளைச் சுற்றி முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் என்னென்ன மிதந்தது என்று எழுதினால் நீங்கள் கையிலிருக்கிற காப்பியைக் கீழே வைத்துவிடுவீர்கள், வேண்டாம். அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, இட்லிக் கடைக் கூரைக்குக் கீழே முப்பது பேர் கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்று சண்டை போட்டார்கள்.

யுத்தத்தைப் பற்றியா? ரேஷன் அரிசியில் கிடக்கிற கல்லைப் பற்றியா? அதெல்லாம் கிடையாது. கணேசபாண்டியன் புட்பால் கிளப் மேனேஜராக இருக்க வேண்டுமா, போக வேண்டுமா. அதுதான் பேச்சு.

கையில் தூக்குச்சட்டியோடு ஆறுமுகத்தாய் ஓரமாக நின்றாள். கணேசபாண்டியனின் மனைவி. அவள் நிற்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தனும் குரலைத் தாழ்த்தவில்லை.

"பட்டாளத்து டீமு பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்து மிதிச்சானே, அவனை வெறுங்காலோட ஜெயிச்சுக் குடுத்தது யாருவே?" என்று கத்தினான் ஜஹாங்கீர். தாராவி யூனியன் கிளப்பின் கோல்கீப்பர். "அதுக்கு முன்னால நம்ம பேரு பம்பாய்ல எவனுக்குத் தெரியும்? தோலு நாத்தம்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனவன் எல்லாம் இப்ப டிக்கெட் வாங்கிப் பாக்கான்லா?"

"யாரும் இல்லேங்கல, ஜஹாங்கீர்." மாட்டுங்காவிலிருந்து குடையோடு வந்திருந்த பஞ்சாபகேசன் சொன்னார். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா, கிளப்புக்குக் காரியதரிசி. லீக்குக்குப் போகிற இங்கிலீஷ் கடிதமெல்லாம் அவர் கைதான். "ஆனா ஒரு பையனோட கால் போயிடுத்து ஓய். நாளைக்கு லீக்காரன் கேட்டா நான் என்னன்னு எழுதறது?"

"கால் போனதுக்கு எங்களுக்கும் வருத்தந்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை செமி பைனல் வருதே, அதுக்கு என்ன சொல்லுதீரு?"

வருத்தத்துக்கும் செமி பைனலுக்கும் நடுவில் அவன் மூச்சுக்கூட விடவில்லை. ஆறுமுகத்தாய் ஆறு இட்லியை வாங்கிச் சட்டியில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். கால் போன பையன் அவள் கூடப்பிறந்த தம்பி.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இது பழைய சங்கதி. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

கணேசபாண்டியன் தோல் கிடங்கு மேஸ்திரி. பந்து விளையாடுகிற பையன்களுக்குப் பூட்ஸ் வாங்க வக்கில்லை என்றதும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை ஊறப்போட்ட குழி இருக்கிறதல்லவா, மேட்சுக்கு முந்தின சாயங்காலம் பதினோரு பேரும் அந்தப் பட்டைக் குழியில் கணுக்கால் முங்க நிற்க வேண்டும். மாட்டுத்தோல் இறுகுகிற மாதிரி மனுஷன் உள்ளங்காலும் இறுகிவிடும். கூழாங்கல்லில் ஓடினாலும் கிழியாது. மற்ற டீமெல்லாம் இதை மந்திரம் என்று சொன்னார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. காலில் புண் இருக்கிறவன் குழியில் இறங்கக் கூடாது. பச்சைத் தோல் அழுகின தண்ணீர் அது, புண்ணில் பட்டால் விஷம். அதனால் கணேசபாண்டியன் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தன் உள்ளங்காலையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் இறக்குவார்.

ஆனியில் மில் டீமோடு மேட்ச். ஜெயித்தால் நன்றாக ஆடுகிற இரண்டு பேருக்கு மில்லில் பக்கா நௌக்ரி, அதாவது நிரந்தர வேலை, என்று பேச்சு. தம்பி உச்சிமாகாளிக்கு மேட்சுக்கு நாலு நாள் முன்னால் இடது உள்ளங்காலில் துருப்பிடித்த ஆணி ஏறிவிட்டது. இடது பக்கம் ஆடுகிறவன், இடது காலால் அடிக்கிறவன். அவன் அக்கா வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தான்.

"எக்கா, அத்தான் பாத்தா இறக்க மாட்டாக. இந்த மேட்ச் போச்சுன்னா என் பொழப்பு போச்சு."

பட்டாளத்துக்கு பெல்ட் தைத்துக் கொடுக்கிறவள் ஆறுமுகத்தாய். தையல் நூலுக்கு ஏற்றுகிற மெழுகு வீட்டில் எப்போதும் இருக்கும். அதை உருக்கி, விளக்குக் கரியைத் துளி கலந்து, புண்ணுக்குள் ஊற்றி, மேலே பெருவிரலால் நீவிவிட்டாள். தோல் நிறத்துக்கும் மெழுகு நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அவ்வளவு பொறுப்பாகச் செய்தாள், பாவி.

மேட்சில் மாகாளி இரண்டு கோல் அடித்தான். மூன்றாம் நாள் ஜுரம். ஒன்பதாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று கட்டைப் பிரித்த டாக்டர், "யே மோம் கிஸ்னே லகாயா?" என்று கேட்டார். இந்த மெழுகை யார் வைத்தது என்று. பக்கத்தில் அப்போது ஆறுமுகத்தாய் மட்டும்தான் நின்றாள். ஹிந்தி தெரியாதவள் மாதிரி விழித்தாள்.

ஊர் என்ன சொன்னது? புண்ணோடு இருந்தவனை மேனேஜர் சரியாகப் பார்க்காமல் குழியில் இறக்கிவிட்டார் என்றது. கணேசபாண்டியன் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "என் கையால ஒருத்தன் காலை எடுத்துட்டேன் தாயி" என்பார், மறுபடி சுவர்.

அதைக் கேட்கிறபோதெல்லாம் ஆறுமுகத்தாய் அடுப்பங்கரைக்கு எழுந்து போய்விடுவாள். விளக்கு வெளிச்சத்தில் அவர் ஏமாந்தார் என்றால், ஏமாற்றினது யார்? சொல்லிவிடலாம். சொன்னால் தம்பி கதி?

அந்தக் கதியைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் அன்று காலையில் இட்லியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கிங்ஸ் சர்க்கிளில் டிராம் ஏறி, இறங்கி, நனைந்து, வார்டுக்குள் நுழைந்தபோது பத்து மணி. மாகாளி கட்டிலில் சாய்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் முழு நீளத்துக்கு மேடாகவும் ஒரு பக்கம் பாதியில் தட்டையாகவும் கிடந்தது. அவள் அந்தத் தட்டையைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

காலடியில் ஸ்டூல் போட்டு பேராச்சி உட்கார்ந்திருந்தாள். மாகாளியின் மனைவி, ஏழு மாதம். மதினியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"மதினி, மூணு மணிக்குக் கிளப்பு கூட்டத்துக்கு நான் வாரேன்" என்றாள் பேராச்சி. "பொம்பளைக்கு அங்க என்ன சோலின்னு எவனும் கேக்கட்டும். உங்க வீட்டுக்காரரை அந்த வேலையில இருந்து எறக்காம நான் திரும்ப மாட்டேன். எனக்கு உங்க மேல கோவம் இல்ல. உங்களைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு."

பாவமாக இருக்கிறதாம். ஆறுமுகத்தாய் இட்லிச் சட்டியைத் திறப்பது போலக் குனிந்துகொண்டாள்.

"பேராச்சி, தண்ணி பிடிச்சுட்டு வா" என்றான் மாகாளி. அவள் கூஜாவை எடுத்துக்கொண்டு போனதும் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான். ஜுரம் விட்டும் கை சுட்டது.

"எக்கா, நேத்து முதலாளி வந்தாரு."

முதலாளி என்றால் ஜெயினுலாப்தீன். கிடங்கும் அவருடையது, கிளப் தலைவரும் அவர்தான்.

"கிளப்புக்காகக் கால் குடுத்தவனைக் கிளப்புதான் பாக்கணும்னு சொன்னாரு. கிடங்கு கேட்டுல வாட்ச்மேன் வேலை. பக்கத்துல ஒரு கோலி, குடியிருக்க ஒத்தை ரூமு. பிள்ளை பொறந்தா ஒண்ட ஒரு இடம் வேணும்லா?"

"நல்லதுலே."

"நல்லது நீ பேசாம இருக்கிற வரைக்கும்தான். நானே மறைச்சுட்டு ஆடினேன்னு தெரிஞ்சா, தானாத் தேடிக்கிட்டது, கிடன்னு போயிருவானுவ. உனக்கு அத்தான் முகத்தைப் பாக்கப் பாக்க மனசு கிடந்து அடிக்கும், எனக்குத் தெரியும். அத்தானுக்கு என்ன ஆயிரும்? மேனேஜர் வேலை போகும். அவுகளுக்கு ரெண்டு காலு இருக்கு. நீ இன்னைக்கு வாயைத் திறந்தியோ, எனக்கு இன்னொரு காலும் போச்சு."

அவள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். அதற்குள் பேராச்சி கூஜாவோடு வந்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பினபோது கணேசபாண்டியன் சவரம் செய்துகொண்டிருந்தார். தம்பி காலை எடுத்துப் பன்னிரண்டு நாளைக்கு அப்புறம் இன்றைக்குத்தான். கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறி ரத்தம் வந்திருந்தது. அவள் துண்டை நனைத்துத் துடைத்தாள்.

"போகச் சொன்னாங்கன்னா போயிருதேன்" என்றார். "ஆனா தாயி, பந்தை விட்டா நான் யாரு? மேஸ்திரி. தாராவில தடுக்கி விழுந்தா ஒரு மேஸ்திரி."

"நீங்க வேணும்னு செஞ்சீங்களா? விளக்கு வெளிச்சத்துல கண்ணு மறைச்சிருக்கும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியை மடித்தார். அவர் மனசு அவ்வளவு நொந்திருக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு, தோல் காயப்போடுகிற கொட்டகையில் கூட்டம். மழைக்காலமாகையால் தோல் எல்லாம் உத்தரத்தில் தொங்கிற்று. அதற்குக் கீழே இருநூறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் ஜெயினுலாப்தீனும் பஞ்சாபகேசனும். தனியாக ஒரு தூண் ஓரத்தில் கணேசபாண்டியன் நின்றார். கூரை ஒழுகும் விளிம்பில் ஆறுமுகத்தாயும் பேராச்சியும், ஒரு கை இடைவெளி விட்டு.

பஞ்சாபகேசன் தீர்மானத்தைப் படித்தார். மேனேஜரை நீக்குவது என்று ஒரே வரி. படித்து முடிப்பதற்குள் கூச்சல்.

"நாலு வருஷமா நம்ம பிள்ளைகளை ஆளாக்கினவரு, எப்படி நீக்குவீரு?"

"ஆளாக்கினாரா, முடமாக்கினாரா?"

"நீ ஒரு தடவையாவது பந்தை மிதிச்சிருக்கியாலே? மிதிக்காதவன் பேசாத."

"அந்தக் குழிப் பழக்கத்தையே நிறுத்தணும் ஓய். காட்டுமிராண்டித்தனம்" என்றார் பஞ்சாபகேசன்.

"நிறுத்திட்டு உம்ம மாட்டுங்கா ஐயர்கிட்ட சொல்லிப் பூட்ஸ் வாங்கிக் குடும்."

சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேராச்சி உள்ளே நடந்துவிட்டாள். வயிற்றில் ஒரு கை வைத்திருந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் தாமாகவே வழி விட்டார்கள்.

"எம் புருஷன் காலை எங்க கொண்டுபோய்ப் போட்டாங்கன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "எனக்கும் தெரியாது. கேட்டேன், ஆஸ்பத்திரில ஒருத்தரும் சொல்லல. அவர் ஜெயிச்சுக் குடுத்த அன்னைக்கு அந்தக் காலைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஆடினீங்க. நானும் சன்னல்ல இருந்து பாத்தேன். இப்ப இந்த மனுஷன் இருக்கட்டுமா போகட்டுமான்னு பேசுதீங்க. ஒரு புண்ணைப் பாக்கத் தெரியாதவர்கிட்ட உங்க பிள்ளைகளை நாளைக்கும் விடுவீங்களா?"

ஜஹாங்கீர் தரையைப் பார்த்தான். பின்னால் இருந்து ஒருத்தன், "நீக்கினா மட்டும் போதுமா, போலீசுல புடிச்சுக் குடுங்கவே" என்றான். அதற்கும் நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

ஆறுமுகத்தாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்த கன்னம் வெளுத்துப்போயிருந்தது. போலீஸ் என்றதும் அவர் கை தூணைப் பிடித்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் எதையும் பிடித்துக்கொண்டு நின்று அவள் பார்த்ததில்லை.

சத்தியம் அவள் தலை மேல்தான் இருந்தது. இருக்கட்டும் என்று உள்ளே போனாள்.

"அவுகளைக் குத்தம் சொல்லாதீங்க" என்றாள். ஆமாம் போட்ட கூச்சலில் கேட்கவில்லை, மறுபடி உரக்கச் சொன்னாள். "அவுக பாத்தாக. பாத்தாலும் தெரியாதபடிக்கு நான்தான் புண்ணுல மெழுகு வச்சு மூடினேன். மில்லு வேலைக்காகத் தம்பி கேட்டான். நான் செஞ்சேன். இவுகளுக்கு ஒண்ணுமே தெரியாது."

பேராச்சி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்ன வார்த்தை போட்டு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் பாவமாக இருக்கிறது என்று சொன்ன அதே கண்.

ஜெயினுலாப்தீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "பாண்டி," என்றார், "நிமிர்ந்து பாரு. இது உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. போலீஸும் இல்லை, தீர்மானமும் இல்லை, தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்துவிடலாம். தம்பிக்குத் துரோகம் செய்து அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"தெரியும் முதலாளி" என்றார் கணேசபாண்டியன்.

தூணிலிருந்து கையை எடுத்து விரல்களை விரித்துப் பார்த்தார்.

"இருபது வருஷமா தோலைத் தொட்டுப் பொழைக்கேன். மெழுகுக்கும் தோலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? விரலை வச்சதும் தெரிஞ்சுபோச்சு. இந்த மாதிரி நீவத் தெரிஞ்ச கை எந்தக் கைன்னும் தெரிஞ்சுபோச்சு. அவன் என் மூஞ்சியைப் பாத்தான். நான் அவன் மூஞ்சியைப் பாத்தேன். அவன் இல்லாம மில்லு டீமை ஜெயிக்க முடியாது. மெழுகு இருக்கே, தண்ணி உள்ள போகாது, ஒரு நாள்தானேன்னு நினைச்சுட்டேன். இறங்குலேன்னு சொன்னேன்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிற்று.

ஆறுமுகத்தாய் அவரையே பார்த்தாள். பன்னிரண்டு நாளாக ஏமாந்தவர் என்று நினைத்து அவருக்காக உருகினாளே, அவர் ஏமாறவே இல்லை. அவள் மறைத்தாள், தம்பி மறைத்தான், அவர் தெரிந்தே இறக்கினார். வீட்டில் மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்கள். அவருக்காகத் தம்பி வாயில் மண்ணைப் போட்டாகிவிட்டது, அதில் அவருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

"அப்போ தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டுடலாமா?" என்றார் பஞ்சாபகேசன். இனிமேல் பேச என்ன இருக்கிறது, எல்லாரும் ஒரே கையாகத் தூக்குவார்கள் என்று அவர் நினைத்தார். ஆறுமுகத்தாயும் அப்படித்தான் நினைத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

நீக்க வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கினார்கள். கொட்டகையில் கால்வாசி இருக்கும்.

இருக்க வேண்டும் என்கிறவர்கள் என்றதும் முதலில் ஜஹாங்கீர் தூக்கினான். மாகாளியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அப்புறம் அவன் பக்கத்தில் இருந்தவன், அப்புறம் வரிசை வரிசையாக. "இத்தனை பேரு முன்னால உள்ளதைச் சொன்னாம்லா, அதுதான் ஆம்பளை" என்று ஒரு கிழவர் சொன்னார். "எத்தனை மேனேஜர் சொல்லுவான்?" இன்னொருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையைத் தூக்கினான். பஞ்சாபகேசன் வாயைத் திறந்தபடி நின்றார்.

"முதலாளி," என்று பேராச்சி கேட்டாள், "அந்த வாட்ச்மேன் வேலை?"

ஜெயினுலாப்தீன் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தார். "புண்ணை மறைச்சு ஆடினவன்மா. கிளப்பு குத்தம்னு நினைச்சுத்தான் நான் வாக்குக் குடுத்தேன். இப்ப நாலு பேரு கேப்பான். பிறகு பேசுவோம், அல்லா ஒரு வழி விடுவான்."

உண்மையைச் சொன்ன புருஷன் ஆம்பளை. உண்மையை மறைத்த தம்பிக்கு வேலை கிடையாது. உண்மையைக் கொண்டுவந்து கொட்டின அவளுக்கு என்ன பெயர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

வேண்டாம் என்று சொல்லுவார் என்று ஆறுமுகத்தாய் காத்திருந்தாள். எனக்கு வேண்டாம்ப்பா, நான் போறேன் என்று அந்த மனுஷன் ஒரு தடவை சொல்லிவிட்டால், மீதி ஆயுசுக்கு அவரோடு ஒரு கூரைக்குக் கீழே இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

கணேசபாண்டியன் துண்டை முகத்திலிருந்து எடுத்தார். கண் சிவந்திருந்தது. தூக்கின கைகளை ஒரு சுற்று பார்த்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் இல்லாத ஓர் உயிர் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

"சரி" என்றார். "மழை விட்டா அஞ்சு மணிக்கு எல்லாரும் கிரவுண்டுக்கு வாங்க. இடது பக்கத்துக்கு ஆளு பாக்கணும்."

பேராச்சி அதற்குள் வெளியே இறங்கிவிட்டாள். முழங்கால் தண்ணீரில், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, டிராம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஆறுமுகத்தாய் பின்னாலேயே ஓடினாள்.

"ஏட்டி பேராச்சி, நில்லு. இந்த மழைல தனியாப் போகாத. நானும் வாரேன்."

பேராச்சி நின்றாள். திரும்பவில்லை.

"நீங்க வராதீங்க மதினி. இந்த வேலையும் போயிட்டுன்னு அவர்ட்ட நானே சொல்லிக்கிடுதேன். யாரு சொன்னான்னு கேட்டா, அதையும் சொல்லுதேன்."

அவள் போய்விட்டாள். ஆறுமுகத்தாய் தண்ணீரின் நடுவில் நின்றாள். பின்னால் கொட்டகைக்குள் மறுபடி கூச்சல் எழுந்தது. இடது பக்கம் யாரைப் போடுவது என்று சண்டை ஆரம்பித்திருந்தார்கள்.